விண்வெளியில் கல்லும் கரிமமும் ஒட்டுவது எப்படி? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விண்வெளி வேதியியல் பற்றிப் பேசப் போகும்போது பிள்ளைகளும், அவர்களைக் கூட்டி வரும் பெரியவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கரிமம் என்று இங்கே நான் சொல்வது கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறுகளை. சிறுகோளில் அமினோ அமிலம், அதாவது புரதங்களைக் கட்டும் மூலக்கூறு, கிடைத்தது என்று செய்தி வந்தால் எல்லாருக்கும் கவனம் அந்த அமிலத்தின் மேல் போகிறது. அதைச் சுமந்து வந்த கல்லைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. எந்த மூலக்கூறு தங்கும், எது பறந்து போகும், எது சிதையும் என்பதில் பாதிக்கு மேல் அந்தக் கல்தான் முடிவு செய்கிறது. அதனால் பதில்களில் கல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

விண்வெளி வெற்றிடம்தானே சார், அங்கே ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது?

முழு வெற்றிடம் கிடையாது. விண்மீன்களுக்கு நடுவே வாயுவும் தூசியும் பரவியிருக்கின்றன. எடைக் கணக்கில் நூறு பங்கு வாயுவுக்குச் சுமார் ஒரு பங்கு தூசி. வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம். தூசியில் முக்கியமாக இரண்டு வகை: ஒன்று சிலிக்கேட் என்ற கல் வகை, மற்றது கரி வகை. வயதான விண்மீன்கள் தங்கள் வெளி அடுக்குகளை ஊதித் தள்ளும்போது அந்த வாயு ஆறி, ஆலிவின், பைராக்சீன் போன்ற மக்னீசியம், இரும்புச் சிலிக்கேட்டுகளாகத் திடப்படுகிறது. ஒரு துகளின் அளவு பெரும்பாலும் 0.1 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த வாயுவும் தூசியும் திரண்டிருக்கும் இடங்களை மூலக்கூறு மேகங்கள் என்கிறோம். ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் மூலக்கூறு இருந்தால் அங்கே அது நெரிசல். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்துக்குள் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் வானம் தெளிந்த இரவில் கானாடுகாத்தான் தாண்டி விளக்கில்லாத பொட்டலில் நின்று தெற்கே பாருங்கள். பால்வீதியின் நடுவே கருப்பாகச் சில திட்டுகள் தெரியும். அங்கே விண்மீன்கள் இல்லை என்று அர்த்தம் இல்லை; பின்னால் இருக்கும் விண்மீன்களின் வெளிச்சத்தை இந்தத் தூசி மறைக்கிறது.

அந்தக் குளிரில், காற்றே இல்லாத இடத்தில், பசை எங்கிருந்து வருகிறது?

தனியாகப் பசை வேண்டாம். பிளஸ் டூ வேதியியலில் பரப்பு கவர்தல் என்று படித்தது இதுதான். கல்லின் உள்ளே இருக்கும் ஓர் அணுவுக்கு எல்லாப் பக்கமும் வேறு அணுக்கள் உண்டு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை. அந்தப் பக்கம் பிணைப்பு நிறைவடையாமல் நிற்கிறது. வழியில் வருகிற மூலக்கூறு அங்கேதான் பிடிபடுகிறது.

எவ்வளவு இறுக்கமாகப் பிடிபடும் என்பது இரண்டு பேரையும் பொறுத்தது. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் போன்ற சிறிய மூலக்கூறுகளைப் பிடித்து வைப்பது வாண்டர் வால்ஸ் விசை மட்டும்தான். எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் சாய்வதால் எழுகிற மெல்லிய ஈர்ப்பு அது. எல்லாப் பொருளுக்கும் இடையே இருக்கும், ஆனால் பலவீனமானது. மெத்தனால், அம்மோனியா, நீர் என்று வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு கைகொடுக்கும். சிலிக்கேட் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருந்தால் இந்த மூலக்கூறுகள் அவற்றோடு கோத்துக்கொள்ளும். இந்தப் பிடிப்பு வாண்டர் வால்ஸ் விசையைவிடச் சில மடங்கு பலமானது.

இதற்கும் மேலே வேதிப் பிணைப்பு. அமினோ அமிலங்களில் எளிமையானது கிளைசின். அதன் ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி இருக்கிறது. ஆலிவின் மேற்பரப்பில் திறந்து கிடக்கும் மக்னீசியம் அயனிக்கு அருகில் அது வந்தால், தன் புரோட்டானைக் கல்லில் உள்ள ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, தன் ஆக்சிஜனால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் 'கல் மேல் கிளைசின்' என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்வதே கடினம். இரண்டும் சேர்ந்து புதியதொரு பொருளாகிவிடுகின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கல் வெறும் தரை இல்லை. வினையில் அதுவும் ஓர் ஆள்.

பல வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற தட்டையான மூலக்கூறுகள் இன்னொரு ரகம். ஒவ்வோர் அணுவும் கொடுக்கிற ஈர்ப்பு சிறியது. ஆனால் மூலக்கூறு முழுவதும் மேற்பரப்போடு படிந்து கிடப்பதால் எல்லாம் சேர்ந்து பெரிய பிடிப்பாகிவிடும்.

ஒட்டினது எவ்வளவு நாள் ஒட்டியிருக்கும்?

பிடிப்பின் பலமும் வெப்பநிலையும் தெரிந்தால் இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒட்டியிருக்கும் மூலக்கூறு சும்மா இருக்காது. நொடிக்குச் சுமார் லட்சம் கோடி முறை அதிர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு அதிர்விலும் தப்பிப் போக ஒரு சிறிய வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. நேர்விகிதத்தில் ஏறுவதாக நினைத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

பனிக்கட்டிப் பரப்பில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்வோம். 20 கெல்வினில், அதாவது மைனஸ் 253 டிகிரியில், அது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு அங்கேயே இருக்கும். பத்தே டிகிரி ஏற்றி 30 கெல்வின் ஆக்குங்கள்: அரை நாள். 40 கெல்வினில் 3 நொடி. நம் அறை வெப்பநிலையில், ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தங்காது. இந்த நாலு எண்களை ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிட்டால் விண்வெளியில் குளிர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மூலக்கூறு மேகத்தின் உள்ளே தூசியின் வெப்பநிலை சுமார் 10 கெல்வின். அங்கே மோதுகிற கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும்.

நீர் இதைவிட மிக இறுக்கமாகப் பிடிக்கும். விண்வெளி அழுத்தத்தில் நீர்ப் பனி ஆவியாக 100 கெல்வினுக்கு மேல் போக வேண்டும். கல்லின் அயனியோடு நேரடியாக வேதிப் பிணைப்பு கொண்ட அமினோ அமிலமோ அறை வெப்பநிலையிலும் இருக்கும். விண்கல் பூமியில் விழுந்து, வருடக்கணக்கில் அருங்காட்சியகத்தில் இருந்த பிறகும் அதிலிருந்து கரிமத்தை எடுக்க முடிகிறது என்றால் காரணம் இந்த இறுக்கம்தான்.

மூலக்கூறுகள் நேரடியாகக் கல் மேலா ஒட்டுகின்றன? பனி மேல் என்றும் சொல்கிறார்களே?

நல்ல கேள்வி. பதில், எந்த இடம் என்பதைப் பொறுத்தது.

விண்மீன் ஒளி படும் திறந்த வெளியில் தூசி பெரும்பாலும் வெறும் கல்லாகவும் கரியாகவும் இருக்கிறது. அங்கே நடக்கும் மிக முக்கியமான ஒட்டுதல் ஹைட்ரஜனுடையது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெட்டவெளியில் சந்தித்தால் சேர முடியாது. சேரும்போது வெளிவருகிற ஆற்றலை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் உடனே பிரிந்துவிடும். தூசி மேல் சந்தித்தால் அந்த ஆற்றலைக் கல் வாங்கிக்கொள்கிறது. பிரபஞ்சத்தில் இன்று இருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை இப்படித் தூசிப் பரப்பில் பிறந்தவை. 1960களிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

அடர்ந்த மேகத்துக்குள் போனால் கதை மாறுகிறது. அங்கே ஒரு துகள் மேல் ஹைட்ரஜன் அணு ஒன்று வந்து விழ ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். கார்பன் மோனாக்சைடு சில நாளுக்கு ஒன்று விழும். நமக்கு இது மிக மெதுவாகத் தோன்றும். ஆனால் மேகத்தின் ஆயுள் பல லட்சம் ஆண்டு. ஒரு லட்சம் ஆண்டுக்குள் வாயுவில் உள்ள கனமான மூலக்கூறுகளில் பெரும்பகுதி தூசி மேல் படிந்துவிடும். அங்கேயே ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. கார்பன் மோனாக்சைடு ஹைட்ரஜனை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு மெத்தனாலாகிறது. இப்படிக் கல்லைச் சுற்றிப் பனிப் போர்வை ஒன்று வளர்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் பச்சோந்தி விண்மீன் குழுவில் உள்ள ஒரு மேகத்தை ஆராய்ந்தபோது, நீர், கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, மீத்தேன், மெத்தனால் என்று இந்தப் பனியின் கலவையே தெரிந்தது.

அந்த நிலையில் பல கரிம மூலக்கூறுகள் பனியில்தான் இருக்கின்றன, கல்லைத் தொடுவதில்லை. சரி, கல்லுக்கு எப்போது முறை வருகிறது? மேகம் சுருங்கி விண்மீன் பற்றிக்கொண்டதும் பக்கத்துத் தூசி சூடேறும். எளிதில் ஆவியாவது போய்விடும். மிஞ்சுகிற கனமான கரிமம் கல்லின் மேல் படியும். அப்புறம் அந்தத் தூசி சேர்ந்து சிறுகோளாகி, அதற்குள் பனி உருகி நீராக ஓடும்போதுதான் கல்லுக்கும் கரிமத்துக்கும் உண்மையான நெருக்கம் தொடங்குகிறது.

முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய எங்கள் வீட்டுச் சுவருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா தம்பி?

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கேட்டது. கட்டாயம் இருக்கிறது ஆச்சி. நான் கேட்டதிலேயே சிறந்த கேள்வி இது.

செட்டிநாட்டு வீடுகளின் பழைய பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்தார்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி மெல்ல மெல்லக் கால்சைட் என்ற கனிமமாக மாறுகிறது. அது மாறிக்கொண்டிருக்கும்போதே முட்டைப் புரதத்தின் அமிலத் தொகுதிகள் கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் படிகம் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக வளராமல் சின்னச் சின்னதாக, நெருக்கமாக வளர்கிறது. கூழாங்கல்லால் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி பளபளப்பது கொத்தனாரின் கைவேலையும் இந்த ஒட்டுதலும் சேர்ந்துதான். ஒரு கரிம மூலக்கூறு கனிமப் பரப்பில் ஒட்டி, அந்தக் கனிமம் எப்படி வளர வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

அதே கால்சைட் விண்வெளியிலும் இருக்கிறது. கரிமம் மிகுந்த விண்கற்கள் பலவற்றில் கார்பனேட் கனிமங்கள் கிடைத்திருக்கின்றன. பென்னு என்ற சிறுகோளின் பாறைகளில் ஒரு மீட்டர் அளவு நீளத்துக்குக் கார்பனேட் நரம்புகள் ஓடுவதை நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் படம் எடுத்தது. ஒரு காலத்தில் அங்கே நீர் ஓடியதற்கு அது சாட்சி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இடக்கை, வலக்கை போல் இரண்டு வடிவங்களில் வரும். உயிர்கள் தங்கள் புரதங்களைக் கட்ட இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. 2001-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தில் ராபர்ட் ஹேசன் குழு ஒரு சோதனை செய்தது. கால்சைட் படிகத்தை அஸ்பார்டிக் அமிலக் கரைசலில் போட்டார்கள். படிகத்தின் ஒரு முகத்தில் இடக்கை வடிவமும், அதன் கண்ணாடிப் பிம்பமான மறு முகத்தில் வலக்கை வடிவமும் சற்றுக் கூடுதலாக ஒட்டின. கல்லின் ஒரு முகம் மூலக்கூறின் 'கை' எது என்று பார்த்துப் பிடிக்கிறது! உயிரின் இடக்கைப் பழக்கத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. படிகம் முழுக்க எடுத்துக்கொண்டால் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஆனாலும் சுண்ணாம்புக்கு இப்படியொரு திறமை இருப்பது தெரிந்த பிறகு அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை மாறத்தான் செய்யும்.

விண்கல் பற்றிப் பேசும்போதெல்லாம் களிமண், களிமண் என்கிறீர்களே. கல்லில் களிமண் எப்படி வந்தது?

ஆலிவினோடு நீர் நீண்ட காலம் சேர்ந்திருந்தால் அது செர்பென்டைன் என்ற அடுக்குக் கனிமமாக மாறும். கூடவே சபோனைட் என்ற களிமண் வகையும் உருவாகும். சூரியக் குடும்பம் பிறந்த புதிதில், 450 கோடி ஆண்டுகளுக்கு முன், பல சிறுகோள்களுக்குள் இது நடந்திருக்கிறது. கதிரியக்க அலுமினியம் சிதைந்து கொடுத்த வெப்பத்தில் உள்ளே இருந்த பனி உருகியது. நீர் பாறை இடுக்குகளில் ஊறியது. கல் களிமண்ணானது.

களிமண்ணுக்கு மூன்று குணங்கள் உண்டு. அது ஏடு ஏடாக அமைந்திருக்கும். ஒவ்வோர் ஏட்டின் தடிமனும் சுமார் ஒரு நானோமீட்டர். அதனால் பரப்பு மிகப் பெரியது. இந்த இனத்தில் சிலவற்றில் ஒரே ஒரு கிராமைப் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். இரண்டாவது மின்சுமை. சிலிக்கான் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் அலுமினியம் உட்கார்ந்துவிடுவதால் ஏடு முழுவதும் எதிர்மின் சுமை பெறுகிறது. அதைச் சமன் செய்ய ஏடுகளுக்கு நடுவே சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் வந்து நிற்கும். நீரில் கரைந்துள்ள அமினோ அமிலத்தின் அமினோ முனை நேர்மின் சுமை கொண்டது. அது அந்த அயனியை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் போய் நிற்கலாம். மூன்றாவது, ஏடுகளின் விளிம்பு. அங்கே உடைந்த பிணைப்புகள் அதிகம், எனவே வேதிப் பிடிப்பும் அதிகம்.

இதெல்லாம் புத்தகத்தோடு நிற்கிற விஷயம் இல்லை, கையில் மாதிரிகள் இருக்கின்றன. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களை எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பல பூமியின் உயிர்களில் காணப்படாதவை. ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் கொண்டு வந்தது. ஓசிரிஸ்-ரெக்ஸ் பென்னுவிலிருந்து 121.6 கிராமை 2023 செப்டம்பரில் இறக்கியது. இரண்டிலும் செர்பென்டைன், சபோனைட் நிறைந்த நுண்களிமண்தான் அதிகம். கரிமம் அதோடு மிக நுண்ணிய அளவில் பின்னிக் கிடக்கிறது. ரியூகுவில் ஆர்என்ஏவின் காரங்களில் ஒன்றான யுராசில் இருப்பது 2023-இல் தெரிந்தது. பென்னுவில் புரதம் கட்ட உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், மரபணுவுக்கு வேண்டிய ஐந்து காரங்களும் இருப்பது 2025 ஜனவரியில் வெளியானது.

அந்த பென்னு முடிவில் என்னை யோசிக்க வைத்தது வேறு. அங்கே கிடைத்த அமினோ அமிலங்களில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சரிசமம். மர்ச்சிசனில் சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. இரண்டுமே நீர் பட்ட, களிமண் நிறைந்த பொருள்கள்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பில், கனிமங்களின் கலவையையும் நீரின் காரத்தன்மையையும் ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்துப் படிக்காமல் இதற்குப் பதில் வராது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. செய்தியில் வருகிற அமினோ அமிலங்கள் விண்கல்லின் மொத்தக் கரிமத்தில் மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி எந்தக் கரைப்பானிலும் கரையாத, தார் போன்ற பெருமூலக்கூறு.

ஒட்டியிருப்பது மூலக்கூறுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும். களிமண் ஏட்டுக்குள் நுழைந்த மூலக்கூறுக்குப் புற ஊதா ஒளியிலிருந்து மறைவு கிடைக்கிறது. இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு போன்ற கனிமத்தின் மேல் ஒட்டினால் நிலைமை தலைகீழ். ஒளி பட்டதும் அந்தக் கனிமமே ஒட்டிய கரிமத்தைச் சிதைக்கும் வினையைத் தூண்டும்.

செவ்வாயில் இந்த இரண்டு முகமும் தெரிகிறது. 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கிப் பார்த்தபோது குளோரின் கலந்த எளிய கரிமங்கள் மட்டும் வந்தன. பூமியிலிருந்து போன சுத்திகரிப்புத் திரவத்தின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டுபிடித்தது. அந்த உப்பைச் சூடாக்கினால் ஆக்சிஜனும் குளோரினும் கக்கும். மண்ணில் கரிமம் இருந்தாலும் எரித்துவிடும். அப்புறம் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில், 300 கோடி ஆண்டுக்கு மேல் பழைய ஏரிப் படிவான களிமண் பாறையில் துளையிட்டு, கந்தகம் கலந்த கரிமங்கள் இருப்பதை 2018-இல் காட்டியது. 2025-இல் அதே பள்ளத்துப் பாறையில் 10 முதல் 12 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலிகள் தெரிந்தன. களிமண் பாறை இல்லையென்றால் இவ்வளவு காலம் அவை தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். செவ்வாயில் எங்கே துளையிடலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் களிமண் எங்கே என்று பார்ப்பேன்.

இங்கே உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்?

அதற்கென்று எஃகு அறைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். இவ்வளவு சுத்தம் எதற்கு? கொஞ்சம் காற்று மிஞ்சினாலும் அதுவே போய்க் கல்லின் மேல் படிந்துவிடும். இந்த அழுத்தத்தில்கூடச் சில மணி நேரத்தில் ஓர் அணு அடுக்கு அளவுக்கு அழுக்கு சேர்ந்துவிடும். அதற்குள் சோதனையை முடிக்க வேண்டும். ஹீலியம் குளிரூட்டியால் கனிமத்தை 10 கெல்வின் வரை இறக்கி, அதன் மேல் மூலக்கூறுகளை அளந்து விடுவார்கள். பிறகு மெதுவாகச் சூடேற்றினால் எந்த வெப்பநிலையில் எது கழன்று வருகிறது என்று, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் நிறைநிரல்மானி சொல்லிவிடும். அதிலிருந்து பிடிப்பின் பலம் கிடைக்கும். ஒட்டியிருக்கும்போதே அகச்சிவப்பு ஒளியை அனுப்பினால், மூலக்கூறின் எந்தப் பிணைப்பு கல்லோடு சேர்ந்து இழுபடுகிறது என்பதும் தெரியும்.

நம் ஊரிலும் இந்த வகை வேலை நடக்கிறது. மீத்தேனையும் கார்பன் டைஆக்சைடையும் பனிக்கூண்டுக்குள் பிடித்து வைக்கும் கிளாத்ரேட் என்ற பொருள் 30, 10 கெல்வின் குளிரிலும் மிகை வெற்றிடத்திலும் உருவாகும் என்று சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2019-இல் காட்டியது. அதற்கு முன்பு, இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

விண்வெளியிலிருந்து வந்த மாதிரிகளில் பெரிய தலைவலி பூமியின் கலப்படம். ஸ்டார்டஸ்ட் கலம் வைல்ட்-2 வால்நட்சத்திரத்தின் தூசியை 2006 ஜனவரியில் கொண்டு வந்தது. அதில் கிளைசின் தென்பட்டது. அது பூமியில் ஒட்டியதா, அங்கிருந்தே வந்ததா என்று தீர்மானிக்க 2009 வரை ஆனது. கார்பனின் கனமான வகையான கார்பன்-13 அளவு பூமியின் கரிமத்தைவிடக் கூடுதலாக இருந்ததுதான் தீர்ப்பைச் சொன்னது.

கரிமம் கல்லில் ஒட்டுகிறது, சரி. கல்லும் கல்லும் ஒட்ட அது உதவுமா?

உதவும் என்றே தெரிகிறது. அடுக்கு மண்டலத்தில் நாசா விமானங்கள் பிடிக்கும் கோளிடைத் தூசியில், தனித்தனிக் கனிமத் துகள்களைச் சுற்றிச் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்குக் கரிமப் பூச்சு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வெறும் சிலிக்கேட் துகள்கள் வேகமாக மோதினால் தெறித்துப் போகும். பூச்சு இருந்தால் ஒட்டும் வாய்ப்பு கூடும். கோள்கள் உருவான முதல் படியிலேயே இந்தப் பூச்சுக்குப் பங்கு இருந்திருக்கலாம்.

சிவகங்கையில் கிடைக்கும் கிராஃபைட்டும் விண்வெளிக் கரியும் ஒன்றா?

கனிமம் ஒன்றே, பிறப்பு வேறு. நம் சிவகங்கை கிராஃபைட் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. விண்மீன் காற்றில் உருவான கிராஃபைட் துகள்கள் மர்ச்சிசன் போன்ற விண்கற்களில் மிகச் சிறிய அளவில் கிடைக்கின்றன. அவை சூரியனைவிட வயதானவை. ஒட்டுதல் ஆய்வில் கிராஃபைட் மிகவும் பயன்படுகிறது. ஒன்றிரண்டு ஏட்டை உரித்தாலே புதிய, சுத்தமான, சமதளமான பரப்பு கிடைத்துவிடும்.

இப்படிக் கல் மேல் ஒட்டித்தான் உயிர் வந்ததா?

பொறுமையாகச் சொல்ல வேண்டிய பதில். நீரில் கரைந்து பரவிக் கிடக்கும் மூலக்கூறுகளைக் களிமண் ஒரே இடத்தில் திரட்டியிருக்கலாம் என்று 1940களின் இறுதியில் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னல் சொன்னார். 1996-இல் ஜேம்ஸ் ஃபெரிஸும் உடன் பணிபுரிந்தவர்களும் மான்ட்மோரில்லோனைட் களிமண் மேல் ஆர்என்ஏவின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 50 கண்ணிகளுக்கு மேல் நீளமான சங்கிலியை வளர்த்தார்கள். களிமண் இல்லாமல் நீரில் அவ்வளவு நீளம் வரவில்லை.

ஆனால் அந்தக் கண்ணிகள் முன்கூட்டியே வேதிமுறையில் தூண்டப்பட்டவை. இயற்கையில் அந்தத் தூண்டல் எங்கே நடந்தது என்பது திறந்த கேள்வி. மிக இறுக்கமாக ஒட்டிய மூலக்கூறு நகராது, நகராவிட்டால் வினை புரியாது. மிகத் தளர்வாக ஒட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். நடுத்தரமான பிடிப்பு, அவ்வப்போது காய்தல், மறுபடி நனைதல் என்று பல நிபந்தனைகள் ஒன்றுகூட வேண்டும். சிறுகோளில் அமினோ அமிலம் இருந்தது என்பதிலிருந்து உயிர் அங்கிருந்து வந்தது என்று தாவுகிற தலைப்புகளை நம்பாதீர்கள். பொருள் வந்திருக்கிறது. அது உயிராகக் கூடிய இடம் எது என்பது வேறு ஆராய்ச்சி.

காரைக்குடியில் இருந்துகொண்டே இதில் நுழைய வழி உண்டா?

உண்டு, மிக அருகிலேயே. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே முக்கியமான துறைகளில் ஒன்று அரிமானத் தடுப்பு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனும் கந்தகமும் கொண்ட கரிம மூலக்கூறுகளை அதன் மேல் ஒட்ட வைக்கிறார்கள். எது ஒட்டும், எவ்வளவு இறுக்கமாக, எந்த வெப்பநிலையில் கழலும் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளும் விண்வேதியியல் கேட்பவையும் ஒன்றே. அங்கே உலோகம், இங்கே சிலிக்கேட். அங்கே தண்ணீர், இங்கே வெற்றிடம். வேதியியலில் இயற்பியல் வேதியியலையும் நிறமாலையியலையும் நன்றாகப் படியுங்கள். கணிதத்தை விடாதீர்கள். குவாண்டம் கணக்கீட்டு மென்பொருள்கள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கிளைசினை ஒரு மக்னீசியம் ஆக்சைடு பரப்பில் வைத்துக் கணக்கிடுவது கல்லூரி மாணவரின் மடிக்கணினிக்கே எட்டும்.

நம் பக்கம் விண்கல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

2017 ஜூன் 6 அன்று ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்தது மர்ச்சிசன் வகையைச் சேர்ந்த கரிம விண்கல். இந்தியாவில் அப்படியொன்று விழுவது அரிது, ஆனால் நடக்கிறது. கருப்பான, வெளியே உருகிய மெல்லிய ஓடு கொண்ட கல் வானிலிருந்து விழுந்ததாகத் தெரிந்தால் முதல் வேலை, வெறுங்கையால் தொடாமல் இருப்பது. நம் கைரேகையிலேயே அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அமினோ அமிலம் பட்டால் நிறம் காட்டும் நின்ஹைட்ரினைக் காவல்துறை தெளித்து ரேகை எடுப்பது அதனால்தான். அவை விண்கல்லின் களிமண்ணில் ஒட்டிவிட்டால் எது நம்முடையது, எது அங்கிருந்து வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. கழுவவே கூடாது. கரையக்கூடிய கரிமமும் உப்பும் முதல் கழுவலிலேயே போய்விடும். சாமி கல் என்று மஞ்சள் குங்குமம் வைக்கிற ஆசையும் வேண்டாம். புதிய அலுமினியத் தாளால் எடுத்து, அதிலேயே சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மழை வரும் போலிருந்தால் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுங்கள். விழுந்த இடத்து மண்ணிலும் ஒரு கைப்பிடியைத் தனித் தாளில் எடுத்து வையுங்கள். கல்லில் இருப்பது மண்ணிலிருந்து ஏறியதா என்று ஒப்பிட அது வேண்டும். விழுந்த நேரம், இடம், கிடந்த நிலை ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகம் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள்.